பின்னலாடையை வெட்டித் தைத்தல்: காலுறைக் கலகம் முதல் வீட்டுத் தையல் வரை

கண்ணிக்குள் கண்ணி கோத்து உருவாக்கப்படும் துணியால் ஆன ஆடை பின்னலாடை எனப்படும். பனியன், டி-சர்ட், காலுறை, ஸ்வெட்டர், லெக்கிங்ஸ் ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. வேட்டி, சேலை, சட்டைத்துணி போன்ற நெய்த துணிகளில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாகச் செல்கின்றன. இழைகள் ஏறக்குறைய நேராகக் கிடப்பதால் அவை இழுத்தால் நீள்வதில்லை. பின்னல் துணியிலோ இழை வளைந்து வளைந்து ஓடுகிறது. நாம் இழுக்கும்போது பெரிதும் இடம் கொடுப்பது இழையன்று, அந்த வளைவு. கையை விட்டதும் வளைவு பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது.

ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த வரிசைக் கண்ணி பிடித்து நிற்பதால் இத்துணிக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஓரிடத்தில் இழை அறுந்தால் அங்குள்ள கண்ணி விடுபடும். அது பிடித்திருந்த கண்ணியும் நழுவும். அப்படியே ஏணிப்படி போல ஒரு கோடு ஓடும். நைலான் காலுறை அணிந்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். ஆகவே பின்னலாடையில் கத்தரிக்கோலை வைப்பது ஐரோப்பியப் பின்னலாளர்களிடையே நெடுங்காலம் தொழிலைக் கெடுக்கும் செயலாகக் கருதப்பட்டது. அதன் பொருட்டுத் தறிகள் உடைக்கப்பட்டன. நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டது. இன்றோ பள்ளி மாணவர்கூடத் தொளதொளவென்று இருக்கும் டி-சர்ட்டை உட்புறமாகத் திருப்பி, இரு பக்கமும் பிடித்துத் தைத்து, மிச்சத்தை நறுக்கிவிடுகிறார். கத்தரிக்கோல் மாறவில்லை, துணியின் அடிப்படை அமைப்பும் மாறவில்லை. மாறியது தையல்.

அவிழ்த்துப் பின்னிய காலம்

எகிப்தின் உலர்ந்த மணலில் கிடைத்த பழைய காலுறைகள் கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலானவை எனக் கணிக்கப்படுகின்றன. அவை இன்றைய பின்னல் முறையில் செய்யப்பட்டவை அல்ல. ஒற்றை ஊசியால் சுற்றி முடிச்சிடும் வேறொரு முறையைச் சேர்ந்தவை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிகளைக் கொண்டு கண்ணி எடுக்கும் உண்மையான பின்னல், அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் எகிப்திய நிலப்பகுதியில் காணப்பட்டு, பின்பு ஐரோப்பாவில் பரவியது.

கையால் பின்னும்போது ஆடையின் வடிவம் பின்னலிலேயே வந்துவிடும். கெண்டைக்கால் பருமனாக இருந்தால் கண்ணிகளைக் கூட்டுவார்கள். கணுக்கால் அருகே குறைப்பார்கள். வெட்ட வேண்டிய தேவையே இல்லை. காலுறையின் பாதப்பகுதி முதலில் தேயும் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் அவிழ்த்துவிட்டு, மேல்காலின் கண்ணிகளைக் கம்பியில் ஏந்திப் புதிய பாதம் பின்னுவது ஐரோப்பிய வீடுகளில் சாதாரண வேலை. குழந்தை வளர்ந்துவிட்டால் ஸ்வெட்டரைப் பிரித்து அதே நூலில் பெரிதாகப் பின்னலாம். நெகிழும் ஆடையை வீட்டில் திருத்தும் கலை இப்படித்தான் தொடங்கியது. அளவைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும், நூலும் வீணாகாது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் மாதம் துணிப் பங்கீடு வந்தபின், பழைய கம்பளிச் சட்டையை அவிழ்த்துக் குடும்பத்தில் இன்னொருவருக்குப் பின்னுவது அரசு பரப்புரை செய்த சிக்கன முறைகளுள் ஒன்றாயிற்று. இந்த வசதியைப் பின்னாளில் இழந்தோம் என்பதை நினைவில் கொண்டால் மேலே வருவது விளங்கும்.

கத்தரியும் கலகமும்

1589ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் தறியை உருவாக்கினார். ஒரு வரிசைக் கண்ணிகளைக் கம்பியில் ஒவ்வொன்றாக எடுப்பதற்குப் பதில், பல ஊசிகளில் ஒரே இயக்கத்தில் எடுத்தது அக்கருவி. எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. லீ பிரான்சுக்குச் சென்று அங்கேயே இறந்தார். அவருடைய சகோதரர் வழியாகத் தொழில் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1657இல் தறிப் பின்னலாளர் சங்கத்துக்குக் குரோம்வெல் ஆட்சியில் பட்டயம் கிடைத்தது. 1663இல் மன்னராட்சி மீண்டபின் இரண்டாம் சார்லஸ் அதைப் புதுப்பித்தார்.

இத்தறியில் வருவது குழாயன்று, தட்டையான துண்டு. தேர்ந்த பின்னலாளர் இரு ஓரங்களிலும் உள்ள கண்ணிகளைப் பக்கத்து ஊசிக்கு நகர்த்தி, துண்டைக் காலின் வடிவத்துக்குக் குறுக்கிக்கொண்டே வருவார். ஓரம் இயல்பாகவே கெட்டிக்கரையாக அமையும். பிறகு இரு கரைகளையும் இணைத்துத் தைத்தால் காலுறை தயார். வெட்டு எங்கும் இல்லை. பிரிவதற்கு முனை எங்கும் இல்லை. தொழிற்பயிற்சி முழுமையாகப் பெற்றவருக்கே இது கைவரும் என்பதால் அவருக்கு மதிப்பும் கூலியும் இருந்தன. 1759இல் ஜெடிடியா ஸ்ட்ரட் தறியில் கூடுதல் ஊசிகளைச் சேர்த்து ‘ரிப்’ பின்னலை எந்திரத்தில் கொண்டுவந்தார். பனியன் கழுத்துப் பட்டியில் மேடும் பள்ளமுமாக நாம் காணும் பின்னல் அதுவே. குறுக்கே நன்கு விரிந்து சுருங்கும் தன்மை அதற்கு உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்களின் உடைப் பழக்கம் மாறியது. முழங்கால் வரையிலான கால்சட்டை போய் நீண்ட கால்சட்டை வந்தது. பின்னிய நீள்காலுறையைக் காட்டிக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. போர்க்காலத்தில் ஏற்றுமதியும் தடைப்பட்டது. விலையைக் குறைக்க முதலாளிகள் சிலர் ஒரு வழி கண்டனர். அகலமான தறிகளில் வடிவம் ஏதுமின்றிப் பின்னல் துணியை ஓட்டி எடுத்து, கத்தரியால் காலுறை வடிவில் வெட்டி, ஓரங்களைத் தைத்து விற்றனர். இவற்றைத் தொழிலில் ‘வெட்டுக் காலுறை’ என்ற பொருளில் அழைத்தார்கள். பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும். ஆனால் கெட்டிக்கரை இல்லாததால் சில முறை அணிந்து துவைத்ததும் தையலோரம் விட்டுப்போகும். அவற்றைப் பின்ன முழுப் பயிற்சி தேவையில்லாததால் பயிற்சி பெறாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்த முடிந்தது. நல்ல காலுறையின் விலையும் சரிந்தது. தறிகள் பெரும்பாலும் முதலாளிகளுக்கே சொந்தம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னலாளர் தறிக்கு வாடகை கட்டியாக வேண்டும்.

1811 மார்ச் மாதம் நாட்டிங்காம் அருகே ஆர்னால்ட் என்ற ஊரில் தறி உடைப்பு தொடங்கியது. லூடைட்டுகள் என்று வரலாறு அழைக்கும் இயக்கம் அது. இன்று அப்பெயர் எந்திரத்தை வெறுப்பவர், புதுமையை எதிர்ப்பவர் என்ற பொருளில் வழங்குகிறது. நாட்டிங்காம் பின்னலாளர்களைப் பொறுத்தவரை இது பொருந்தாத பட்டம். அவர்கள் உடைத்த தறி, அடிப்படையில் இருநூறு ஆண்டுப் பழைய கருவி. அவர்களே அன்றாடம் உட்கார்ந்து உழைத்த கருவி. வெட்டுத் துணி ஓட்டிய தறிகளையும் கூலியைக் குறைத்தவர்களின் தறிகளையும் தேர்ந்து உடைத்து, மற்றவற்றை விட்டுச் சென்ற நிகழ்வுகள் உண்டு. அவர்களுடைய சினம் கருவியின் மீதல்ல, கருவியைக் கொண்டு மட்டமான சரக்கைச் செய்து தங்கள் தொழிலின் பெயரைக் கெடுத்தவர்கள் மீது.

1812இல் தறி உடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் நிறைவேறியது. கவிஞர் பைரன் பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் ஆற்றிய முதல் உரையே அதை எதிர்த்ததுதான். புதிய முறையில் வந்த சரக்கின் மட்டமான தரத்தையும் அவர் அவ்வுரையில் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் கிரேவனர் ஹென்சன் என்ற பின்னலாளர் தலைமையில் தொழிலாளர்கள் சட்ட வழியையும் முயன்றனர். தொழிலில் நடக்கும் மோசடிகளைத் தடுக்கும் மசோதா கீழவையில் பல திருத்தங்களுடன் நிறைவேறியது. மேலவை அதை நிராகரித்தது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கருத்து அன்று வலுப்பெற்று வந்தது.

பின்னலாளர்கள் தோற்றார்கள். ஆனால் துணியைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. அன்றைய கைத்தையலால் வெட்டிய பின்னலோரத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அவர்கள் எதிர்த்த அதே முறையில்தான் இன்று உலகின் பெரும்பாலான டி-சர்ட்டுகள் தைக்கப்படுகின்றன. துணியை ஓட்டி எடு, வெட்டு, தை. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு எழுபது ஆண்டுகள் கடந்து வர வேண்டும்.

ஓரத்தைப் பிடித்த தையல்

1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் உரிமம் பெற்ற தையல் எந்திரங்கள் இருநூல் பூட்டுத்தையல் போடுபவை. மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். நெய்த துணிக்கு இதைவிடச் சிறந்த தையல் இல்லை. பின்னல் துணியில்தான் சிக்கல்: துணி நீளும், நூல் நீளாது. பனியனைத் தலைவழியே இழுத்து அணியும்போது ‘படபட’வென்று தையல் தெறிக்கும் ஓசையைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இதற்குத் தீர்வு இரண்டு திசைகளில் வந்தது. அமெரிக்காவின் ஹெலன் பிளான்சார்ட் 1873இல் வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையலுக்கு உரிமம் பெற்றார். நூல் நேராகச் செல்லாமல் இடமும் வலமுமாகச் செல்வதால், துணி நீளும்போது அந்தக் கோணல் நிமிர்ந்து இடம் கொடுக்கும். துணியில் இழை செய்வதையே தையலில் நூல் செய்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மற்றொன்று ஓவர்லாக். கனெக்டிகட் மாநிலத்தில் பின்னலாலை நடத்திவந்த மெரோ குடும்பம், தங்கள் ஆலையின் துணியோரங்களை முடிப்பதற்காக 1880களில் இவ்வகை எந்திரத்தை வளர்த்தெடுத்தது. லூப்பர் எனப்படும் கொக்கிகள் நூலைத் துணியின் ஓரத்தைச் சுற்றி மேலும் கீழுமாகக் கோத்துச் செல்லும். பிற்கால எந்திரங்களில் ஊசிக்குச் சற்று முன்னால் ஒரு கத்தி ஓரத்தைச் சீராக வெட்டிக்கொண்டே போகும். வெட்டுவது, இணைப்பது, ஓரத்தைக் கட்டுவது ஆகிய மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். நாட்டிங்காம் பின்னலாளர்கள் கெட்டிக்கரை இல்லை என்று முறையிட்டார்களே, அந்தக் கரையை வெட்டிய இடத்திலேயே நூலால் உண்டாக்கிக் கொடுத்தது இந்த எந்திரம்.

இதற்கிடையே துணியும் மெலிந்து நெருக்கமாகியது. 1847இல் லெஸ்டரைச் சேர்ந்த மேத்யூ டவுன்செண்ட் தாழ்ப்பாள் போன்ற நாக்கு கொண்ட ஊசியைக் கண்டார். வட்டத்தறிகள் குழாய் வடிவில் துணியை வேகமாகப் பின்னுவதற்கு அது உதவியது. மெல்லிய பருத்தி நூலில் நெருக்கமாகப் பின்னிய துணி, வெட்டினாலும் உடனே ஏணிக்கோடு விடுவதில்லை. பஞ்சின் மயிர்த்தன்மை கண்ணிகளை ஒன்றோடொன்று பற்றவைக்கும். வெட்டிய ஓரம் பிரிவதற்குப் பதில் சுருண்டுகொள்ளும். பழைய டி-சர்ட்டைக் கிழித்துத் துடைப்புத் துணியாக்கினால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வர ஏன் தாமதம்?

ஆலையில் ஓவர்லாக் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் வீட்டிலிருந்த தையல் எந்திரம் நேர்தையல் மட்டுமே போட்டது. உள்ளாடைத் துணியாகக் கருதப்பட்ட ஜெர்சியைக் கொண்டு 1916 வாக்கில் கோகோ சேனல் பாரிஸில் பெண்களுக்கு வெளியாடை தைத்தார். அது நவநாகரிகமாயிற்று. ஆயினும் வீட்டுத் தையல்காரருக்கு ஜெர்சி கைக்கு அடங்காத துணியாகவே இருந்தது. 1930களில் இத்தாலியின் நெக்கி நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கு ஜிக்ஜாக் எந்திரத்தைக் கொண்டுவந்தது. போருக்குப் பின் அது அமெரிக்கச் சந்தையில் பரவியது.

திருப்பம் 1960களில் நேர்ந்தது. பாலியெஸ்டர் பின்னல் துணி சந்தையில் குவிந்தது. அதைத் தைப்பதற்கென்றே அமெரிக்காவில் இரு பெண்கள் தனித்தனியே இயக்கம் போன்ற தொழிலைக் கட்டினார்கள். ஓரிகன் மாநிலத்தின் ஆன் பர்சன், வகுப்புகள் வழியாகப் பின்னல் துணியைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார். ஸ்வீடனிலிருந்து குடியேறிய கெர்ஸ்டின் மார்ட்டென்சன், மின்னியாபொலிசில் பின்னல் துணிக்கென்று மாதிரித் தாள்கள் வெளியிட்டார். அவர்கள் கற்பித்தவற்றின் சாரம் எளிது. கூர்முனை ஊசி இழையைக் குத்தி அறுக்கும். உருண்டை முனை ஊசி இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். தைக்கும்போது துணியை இழுக்கக் கூடாது. ஆடையின் அளவு உடலைவிடச் சிறிதாகவும் இருக்கலாம். இந்தக் கடைசிக் கருத்து நெய்த துணியில் பழகியவர்களுக்குப் பெரும் அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். சட்டைக்கு உடலளவோடு சில அங்குலம் கூட்டுவதுதான் தையற்கலையின் பாலபாடம். பின்னலாடைக்குக் கழிக்கவும் செய்யலாம். மிச்சத்தைத் துணியே விரிந்து ஈடுகட்டும்.

1958இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை இந்தக் கணக்கை மேலும் மாற்றியது. ‘விரிகிறது’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம்மாற்றி வைத்த பெயர் அது. லைக்ரா என்பது அதன் வணிகப்பெயர். பின்னலில் வளைவு மட்டும் இடம் கொடுத்தது போய், இழையே நீண்டு சுருங்கத் தொடங்கியது. லெக்கிங்ஸ் போன்ற உடைகளை இது சாத்தியமாக்கியது. 1960களிலேயே ஜப்பானில் வீட்டு மேசையில் வைக்கத்தக்க சிறிய ஓவர்லாக் எந்திரமும் உருவாகியிருந்தது. ஆலைக்கு உரிய தையல் வீட்டுக்கு வர எண்பது ஆண்டுகள் பிடித்தன.

திருப்பூரும் தெருமுனைக் கடையும்

தமிழகத்தில் பின்னலாடை என்றதும் திருப்பூர்தான். விடுதலைக்கு முன்பே பனியன் ஆலைகள் தோன்றிய அவ்வூர், 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதிக்கு மாறி வளர்ந்தது. அங்கே தையல் என்பது ஒரு தொழில் அல்ல, பல தொழில். ஓரம் இணைக்கும் ஓவர்லாக், மடிப்பு அடிக்கும் பேட்லாக், நேர்தையலுக்குச் ‘சிங்கர்’, கட்டிங், செக்கிங், கைமடி என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனிக் கூலி. முழு பனியனையும் ஒருவரே தைத்து முடிக்கும் வழக்கம் ஆலையில் கிடையாது.

பழைய வெள்ளை பனியனைத் திருப்பிப் பார்த்தால் பக்கத்தில் தையலே இருக்காது. வட்டத்தறியின் விட்டத்தை வைத்தே மார்பளவு வரும். குழாயாக வந்த துணியில் கழுத்தும் கையும் மட்டும் வெட்டுவார்கள். இன்றைய டி-சர்ட்டுகளில் பெரும்பாலும் துணியை விரித்து வெட்டிப் பக்கத்தையலும் இடுவதால் நல்ல பொருத்தம் கிடைக்கிறது. ஆனால் ஒரு குறை: சில டி-சர்ட்டுகளைத் துவைத்தபின் பக்கத்தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். நூலில் ஏற்றிய முறுக்கு தளர முயன்று துணியையே சாய்ப்பதால் இது நேர்கிறது. இதைத் தையலால் திருத்த முயல்வது வீண்வேலை.

நம் ஊர்த் தையல்காரர் ரவிக்கைக்கும் சட்டைக்கும் உள்ளே துணி விட்டுத் தைப்பார். உடம்பு வைத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டுக் கொள்ளலாம். ஆலை டி-சர்ட்டில் அது முடியாது. ஓரத்தைக் காப்பாற்றிய அதே ஓவர்லாக் கத்தி, உள்ளே விட்டிருக்கக்கூடிய துணியையும் நறுக்கி எறிந்துவிட்டது. எஞ்சுவது கால் அங்குலம் அளவே. அவிழ்த்துப் பின்னிய காலத்தில் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வெட்டித் தைக்கும் காலத்தில் வீட்டில் செய்யத்தக்க திருத்தம் பெரும்பாலும் ஒரே திசையில்தான்: சிறிதாக்கலாம், பெரிதாக்க முடியாது. ஆகவே இரண்டு அளவுகளுக்கு இடையே தடுமாறினால் பெரியதை வாங்குவதே நல்லது. அதிலும் தோள் அளவு சரியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தைக் குறைப்பது அரைமணி வேலை. தோளைக் குறைப்பது கையைக் கழற்றி மாட்டும் வேலை.

தைக்குமுன் ஆடையை ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். பருத்திப் பின்னல் முதல் துவைப்பில் சுருங்கும். பிறகு உட்புறம் வெளியே தெரியுமாறு அணிந்து, அக்குள் முதல் இடுப்பு வரை இரு பக்கமும் சம அளவு பிடித்து ஊசி குத்தலாம். கையைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து பார்ப்பது அவசியம். கண்ணாடி முன் அசையாமல் நின்று அளவெடுத்தவர்கள் இறுக்கமாகத் தைத்துவிட்டுப் பின்னர் வருந்துவதுண்டு. தைக்கும் கோடு அக்குளில் பழைய தையலோடு மெல்லச் சேர வேண்டும். திடீரென்று வளைந்தால் அங்கே சுருக்கம் விழும். நீளவாட்டில் 2.5 மில்லிமீட்டர், அகலவாட்டில் 1 மில்லிமீட்டருக்கு மிகாத குறுகிய ஜிக்ஜாக், உருண்டை முனை ஊசி, பாலியெஸ்டர் நூல் ஆகியவை போதும். அணிந்து பார்த்துச் சரியென்று உறுதியான பின்னரே மிச்சத் துணியை வெட்ட வேண்டும்.

வீட்டில் கறுப்பு நிற மிதி எந்திரம் மட்டும் இருந்தால்? அதில் நேர்தையல்தான் வரும். துணியை முன்னும் பின்னும் ஒரே சீராகச் சற்றே விரித்துப் பிடித்துத் தைத்தால் ஓரளவு தாங்கும். மிகையாக இழுத்தால் தையலோரம் அலையலையாக நிற்கும். கையால் தைப்பவர்கள், ஒவ்வொரு குத்துக்கும் சற்றுப் பின்னே வந்து குத்தும் கெட்டித்தையலைப் போடலாம். நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செல்வதால் நேர் ஓட்டத்தையலைவிட அது நன்றாக இடம் கொடுக்கும். தொய்ந்துபோன கழுத்துக்கு வேறு வைத்தியம்: பழைய பட்டியை வெட்டிவிட்டு, கழுத்துச் சுற்றளவில் ஏழில் ஒரு பங்கு குறைவாக ரிப் துணி எடுத்து, அதை மட்டும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து மறுபடி உடம்போடு படியும். தோளில் இதற்கு நேர்மாறு. அங்கே துணி நீளக் கூடாது என்பதால் ஆலையில் ஒரு நாடாவை வைத்துத் தைத்திருப்பார்கள். அதைப் பிரித்தால் திரும்ப வைக்க மறக்கக் கூடாது.

சேலை ஓரத்துக்குப் ‘பீக்கோ’ அடிக்கும் கடை தமிழகத்தின் சிற்றூர்களிலும் உண்டு. பீக்கோ எந்திரம் என்று நாம் சொல்வது ஜிக்ஜாக் எந்திரம்தான். பல கடைகளில் அதன் பக்கத்திலேயே ஒரு ஓவர்லாக்கும் நிற்கும். ஊசி குத்திய டி-சர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சில நிமிடங்களில் அடித்துத் தருவார்கள். கத்தி ஓடும் எந்திரம் என்பதால், கொடுக்குமுன் குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுப்பது நல்லது.